வேலிக்கு ஆகாத கிளை

என் வீட்டு வேலியைப் பார்த்துவிட்டு, "இலையெல்லாம் மஞ்சளா இருக்கே, உரம் போடறதில்லையா?" என்று கேட்பவர்களை எனக்குப் பிடிக்காது. கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போகிறவர்களை அதைவிடப் பிடிக்காது. அது நோய் இல்லை. அந்தச் செடியின் அழகே அதுதான். இலையின் நடுவில் கரும்பச்சை, ஓரத்தில் பொன் மஞ்சள், மேலே எண்ணெய் தொட்டுத் துடைத்த பளபளப்பு. நர்சரியில் யூவோனிமஸ் என்று பலகை வைத்திருக்கிறார்கள். அதைச் சொல்லி முடிப்பதற்குள் நாக்கு சுளுக்கிக்கொள்ளும். இந்தச் சாதிச் செடிகளின் கட்டையைச் சீவித்தான் ஒரு காலத்தில் நூல் நூற்கும் கதிர் செய்தார்களாம். அதனால் நர்சரிக்காரர் கதிர்ச்செடி என்பார். நானும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டேன்.

வாசல் கேட்டிலிருந்து வண்டி நிறுத்தும் இடம் வரை இரண்டு பக்கமும் கதிர்ச்செடி. நான் டிரைவிங் ஸ்கூலில் டீச்சர். வண்டியைப் பின்னால் எடுக்கப் பழக்குவது இந்த இரண்டு வரிசைக்கும் நடுவில்தான். ஓர் இலையில் வண்டி உரசினால்கூட அன்றைக்குப் பழக வந்தவர்கள் என் வாயில் விழுந்து எழுந்திருக்க வேண்டும். எனக்கு அந்தப் பிள்ளைகள் வைத்திருக்கும் பட்டப்பெயர் பிரேக் டீச்சர். பக்கத்து சீட்டில் எனக்கென்று இருக்கும் இரண்டாவது பிரேக்கை நான் கொஞ்சம் தாராளமாக மிதிப்பேன்.

கதிர்ச்செடி வளர்ப்பது பெரிய வித்தை இல்லை. நட்டால் பிடித்துக்கொள்ளும், வெட்டினால் தழைக்கும். காற்றுப் புகாத இடத்தில் இலை மேல் வெள்ளை மாவு பூக்கும். தண்டில் செதில் பூச்சி ஒட்டிக்கொள்ளும். அதைப் பழைய பல் பிரஷும் சோப்புத் தண்ணீரும் வைத்துத் தேய்த்து எடுக்க வேண்டும். இதெல்லாம் சில்லறைத் தொல்லை. நிஜமான விரோதி செடிக்குள்ளிருந்தே வரும். எங்கேயோ ஒரு கணுவில் முழுப் பச்சையாக ஒரு கிளை கிளம்பும். பொட்டு மஞ்சள் இருக்காது. தன் பழைய குணத்துக்கே திரும்பிப் போன கிளை. அது மற்றதைவிட இரண்டு மடங்கு வேகமாக வளரும், இரண்டு மடங்கு தின்னும். பாவம் என்று விட்டால் மஞ்சள் எல்லாம் ஒடுங்கி, ஒரு நாள் வேலியே பச்சையாகிவிடும். நுனியைக் கிள்ளினால் போதாது. அடியோடு எடுக்க வேண்டும்.

என் வீட்டுக்கும் அப்படி ஒன்று திரும்பி வந்தது. என் வீட்டுக்காரரின் அக்கா.

நேரில் அவளை அண்ணி, நீங்க, வாங்க என்றுதான் சொல்வேன். மனசுக்குள் அவள் அவள்தான். தலை நரைத்த பிறகு, கட்டிக் கொடுத்த வீட்டை விட்டு ஒரு பெட்டியோடு வந்து இறங்கினாள்.

"அடிச்சாரா அண்ணி?" என்று கேட்டேன்.

"இல்ல."

"குடிக்கிறாரா?"

"இல்ல."

"பின்ன எதுக்கு வந்தீங்க?"

"போதும்னு தோணுச்சு."

போதும் என்று தோன்றினால் மனிதர்கள் தட்டிலிருந்து எழுந்திருப்பார்கள். வீட்டிலிருந்தா எழுந்து வருவார்கள்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாடி அறையில் சாலை விதிப் படங்களை மாட்டி வகுப்பு நடத்தலாம் என்று ஆசையாக ஒழித்து வைத்திருந்தேன். அந்த அறை அண்ணிக்குப் போயிற்று. என் படங்கள் படிக்கட்டுக்கு அடியில் துடைப்பத்தோடு குடித்தனம் நடத்தின. இது அவள் அப்பா கட்டின வீடு. வாயைத் திறந்து பங்கு என்று அவள் ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்லாமல் இருப்பதே எனக்குச் சொல்லிக்காட்டுவது போல இருந்தது.

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். மேலும் கீழும் போய் வருவதுதான் தொழில். வீட்டிலும் அதையேதான் செய்தார். மாடியில் அக்காவிடம் தலையாட்டிவிட்டுக் கீழே வந்து என்னிடம் தலையாட்டுவார். நடுவில் எந்த மாடியிலும் நின்று கதவைத் திறக்க மாட்டார்.

வந்த சில நாளிலேயே அண்ணி கேட்டாள். "சும்மா உக்காந்து சாப்பிடப் பிடிக்கல. வேலியை நான் பாத்துக்கவா?"

கத்தரியைக் கொடுத்தேன். புதிதாக வண்டி பழக வருகிறவர்களுக்குச் சொல்வது போல, அன்றைக்குப் பழக வந்த ஒரு பையனை வண்டிக்குள்ளேயே உட்கார வைத்துவிட்டுச் சொல்லிக் கொடுத்தேன். "இந்த மஞ்சள் ஓரம் இருக்குல்ல, இதுதான் நமக்கு வேணும். வேற மாதிரி எது வந்தாலும் அடியோட வெட்டிடணும். கட்டை விடக் கூடாது. யோசிக்கக் கூடாது. என்கிட்ட வந்து கேட்டுக்கிட்டு நிக்கக் கூடாது."

"வெட்டினதை என்ன பண்றது?"

"எல்லாம் உங்களுக்குத்தான் அண்ணி. கிரீடம் செஞ்சு வச்சுக்கோங்க."

வண்டிக்குள் இருந்த பையன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. கத்தரியைத் திறந்து மூடிப் பார்த்தாள்.

நன்றாகவே செய்தாள் என்பதை ஒத்துக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை. குறை கண்டுபிடிக்கத் தினமும் வேலியை ஒரு சுற்று சுற்றினேன். ஒரு காலையில் கிடைத்தது. கேட்டுக்குப் பின்புறம், கதவு திறந்தால் மறைந்துபோகும் மூலையில், என் கை நீளத்துக்கு ஒரு பச்சைக் கிளை. தெருவில் பாலுக்கும் பஸ்ஸுக்கும் போகிறவர்கள் எல்லாம் இருந்தார்கள். வண்டி பழக வந்தவர்களும் நின்றிருந்தார்கள். நான் கத்தினேன்.

"அண்ணி, உங்க கண்ணு எங்க இருக்கு? இல்ல, நம்மள மாதிரியே திரும்பி வந்ததாச்சேன்னு பாவம் பாத்து விட்டுட்டீங்களா?"

எதிர்வீட்டு மாமி வாளியைக் கீழே வைத்துவிட்டு நிம்மதியாக வேடிக்கை பார்த்தாள். மேலே ஜன்னலில் நின்றிருந்த அண்ணி இறங்கி வந்தாள். கிளையை அடியோடு வெட்டினாள். தரையில் விழுந்ததைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

அதற்கப்புறம் ஒரு பச்சைக் கிளைகூட அவள் கையிலிருந்து தப்பவில்லை. முன்வரிசையை விலக்கி, உள்ளே தலையை விட்டு, தண்டு தண்டாகப் பார்ப்பாள். திட்டினால்தான் வேலை நடக்கும் என்பது என் தொழில் எனக்குக் கற்றுக்கொடுத்த பாடம்.

வேலியின் கடைசியில், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில், நான் அந்தக் கிளையைப் பார்த்தது ஒரு மத்தியானம். விரல் நீளம்தான் இருந்தது. பச்சை இல்லை, மஞ்சளும் இல்லை. இலை முழுக்கப் பாலேட்டு நிறம். நடுவில் பச்சை ஒரு நிழல் மாதிரி. ஓரம் சுற்றிலும் ரோஸ், பிறந்த குழந்தையின் உள்ளங்கை மாதிரி. குழாயைத் திறந்து விட்டது மறந்துபோய், கால் நனைந்து செருப்பு மிதக்கிற வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். எனக்கு அழுகை வந்தது. எதற்கு என்று தெரியவில்லை, ஆனால் வந்தது.

போனில் படம் எடுத்துக்கொண்டு நர்சரிக்குப் போனேன். நர்சரிக்காரர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"எங்க வாங்கினீங்க டீச்சர்?"

"வாங்கலை. என் வேலியில வந்திருக்கு."

"இந்த நிறத்துல நான் பாத்ததே இல்ல. ஆனா இப்ப கை வச்சுடாதீங்க. இளந்தண்டு. கொஞ்சம் முத்தட்டும், நானே வந்து வெட்டி நட்டுத் தரேன். வேர் பிடிச்சுட்டா இது உங்க செடி. எனக்குத் தெரிஞ்சு வேற யார்கிட்டயும் கிடையாது."

உங்க செடி. அந்த வார்த்தையை வீடு வரைக்கும் வாயில் போட்டுச் சுவைத்துக்கொண்டே வந்தேன். வண்டி ஸ்கூலுடையது. வீடு மாமனார் கட்டினது. வேலிச்செடிகூடப் பார்க்கிற வீட்டிலெல்லாம் இருப்பதுதான். வேறு யாரிடமும் இல்லாத ஒன்று, எனக்கே எனக்கென்று, முதல் தடவையாக வந்திருந்தது.

வீட்டில் மூச்சு விடவில்லை. வீட்டுக்காரரிடம் சொன்னால் அது அடுத்த நிமிஷம் மாடி ஏறிவிடும். அண்ணி இறங்கி வந்து, குனிந்து பார்த்து, "அழகா இருக்கே" என்பாள். அவள் வாயால் அதைக் கேட்க எனக்கு இஷ்டமில்லை. அவள் கண் படுவதே பிடிக்கவில்லை. அதனால் முன்னால் இருந்த கிளைகளை ஒரு கயிற்றால் இழுத்துக் கட்டி அதை மறைத்து வைத்தேன். தினமும் குழாயடியில் கை கழுவுகிற சாக்கில் எட்டிப் பார்ப்பேன். அது வளர்ந்தது. ஜாண் நீளம் ஆயிற்று. தண்டு லேசாகச் சிவந்து முற்றத் தொடங்கியது. இன்னும் கொஞ்ச நாள் பொறுங்க என்றார் நர்சரிக்காரர்.

அன்றைக்கு லைசென்ஸ் டெஸ்ட். என் ஆட்கள் இரண்டு பேர் கோட்டை விட்டார்கள். உச்சி வெயிலில் வீட்டுக்கு வந்தேன். வேலி அன்றுதான் முடி வெட்டிக்கொண்ட மாதிரி திருத்தமாக நின்றது. நான் கட்டியிருந்த கயிறு அவிழ்த்துச் சுருட்டிக் குழாய் மேல் வைத்திருந்தது.

முன்வரிசையை விலக்கினேன். கிளை இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு வெட்டு. ஈரம்கூடக் காயவில்லை. நான் சொல்லிக் கொடுத்தபடியே, கொஞ்சமும் கட்டை விடாமல், அடியோடு.

அண்ணி சமையலறையில் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"குழாயடியில இருந்த கிளையை யாரு வெட்டினது?"

"எது?"

"வெள்ளையா, ஓரத்துல ரோஸா இருந்ததே!"

"அதுவா. நான்தான். வேற மாதிரி இருந்துச்சு."

"அதனால?"

"வேற மாதிரி எது வந்தாலும் வெட்டணும்னு சொன்னே."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்ல?"

"கேட்டுக்கிட்டு நிக்கக் கூடாதுன்னும் சொன்னே." தட்டைத் துடைத்து அடுக்கினாள். "அது உனக்கு வேணுங்கறதா? சொல்லவே இல்லையே."

"எங்க அது? எங்க போட்டீங்க?"

"வெட்டினதை என்ன பண்ணச் சொன்னியோ அதைத்தான் பண்ணேன்."

நான் வாசலுக்கு ஓடினேன். குப்பை லாரி அப்போதுதான் தெருமுனை திரும்பிப் போயிருந்தது. தழை போடுகிற தொட்டியில் அடியில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைக் கவிழ்த்து, தெருவில் மண்டியிட்டு, அழுகல் தழையைக் கையால் கிளறினேன். எதிர்வீட்டு மாமி இந்த முறை நாற்காலியே போட்டுக்கொண்டாள். ஒரு இலைகூடக் கிடைக்கவில்லை.

வீட்டுக்காரர் வேலையிலிருந்து வந்தபோது நான் படிக்கட்டுக்குக் கீழேதான் நின்றிருந்தேன். கையில் இன்னும் நாற்றம். அவர், "என்னம்மா ஒரு கிளைதானே, மறுபடி வராதா?" என்றார். அவ்வளவுதான், வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டேன்.

"இந்த வீட்டுல வேண்டாததை வெட்டணும்னா எங்கேருந்து ஆரம்பிக்கணும்னு எனக்குத் தெரியும். மாடியிலேருந்து ஆரம்பிக்கணும்."

அவர் மேலே பார்த்தார், கீழே பார்த்தார். மேலே கதவு மெதுவாகச் சாத்தப்பட்ட சத்தம் கேட்டது. கேட்கட்டும் என்றுதான் இருந்தது எனக்கு.

அதற்குப் பிறகு நானும் அண்ணியும் பேசவில்லை. வேலியை நானே பார்த்துக்கொண்டேன். வெட்டின இடத்தில் மறுபடி துளிர் வந்தது. தினமும் போய்ப் பார்ப்பேன். பச்சையும் மஞ்சளும்தான், எல்லா இலையும் போல. என் ஆத்திரம் எல்லாம் வண்டி பழக வந்தவர்கள் தலையில் விடிந்தது. அந்த மாதம் பாதிப் பேர் வேறு ஸ்கூலுக்கு ஓடிப்போனார்கள்.

அண்ணி தினமும் வெளியே போய் வேலை தேடினாள். கடைசியில் ஓர் ஆஸ்பத்திரியில் துணி மடித்து அடுக்கும் வேலை கிடைத்தது. பின்பக்கக் கட்டடத்தில் தங்க அறையும் கொடுத்தார்களாம். வீட்டுக்காரர் இதைச் சொல்லும்போது குரல் உடைந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைப்பானேன், அன்றைக்கே படிக்கட்டுக்கு அடியிலிருந்து சாலை விதிப் படங்களை எடுத்துத் தூசி தட்டினேன்.

அவள் கிளம்புகிற நாளில் எங்கேயோ ஒரு லிஃப்ட் ஆட்களோடு நடுவில் நின்றுபோய், வீட்டுக்காரர் அவசரமாக ஓட வேண்டியதாயிற்று. "அக்காவைக் கொண்டுபோய் விட்டுடு. இதை மட்டும் செய்," என்றார். தொலைகிறது, கடைசித் தடவை என்று ஒத்துக்கொண்டேன். தலையில் போர்டு வைத்த ஸ்கூல் வண்டியில் அண்ணி பின் சீட்டில் ஏறினாள். பெட்டி பக்கத்தில். மடியில் ஒரு துணிப்பை. அதை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தாள்.

பாதி தூரம் போயாயிற்று. ஒரு மேடு ஏறி இறங்கியபோது பையின் வாய் திறந்தது. நான் பின்னால் வருகிற பஸ்ஸைப் பார்க்கத்தான் கண்ணாடியைப் பார்த்தேன். பாலேட்டு நிறத்தில் ஓர் இலை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. ஓரத்தில் ரோஸ்.

பிரேக்கை மிதித்தேன். பஸ்காரன் ஹாரனை அழுத்திப் பிடித்துத் திட்டிக்கொண்டே சுற்றிப் போனான்.

"அண்ணி, அது என்ன?"

"வெட்டிப் போட்டது."

பாதியில் அறுத்த தண்ணீர் பாட்டிலில் மண் போட்டு நட்டிருந்தாள். பாட்டில் சுவரோரமாக வெள்ளை வேர் சுருண்டு ஓடியது. உச்சியில் புதிதாக இலைகள் விட்டிருந்தது, அதே நிறத்தில். என் செடி. நர்சரிக்காரர் சொன்ன அதே செடி.

"குப்பையில போட்டுட்டேன்னீங்களே!"

"குப்பைன்னு நான் சொல்லவே இல்ல. வெட்டினதெல்லாம் உங்களுக்குத்தான்னு நீ சொன்னே. அழகா இருந்துச்சு. தூக்கிப் போட மனசு வரல, நட்டு வச்சேன்."

"நான் தெருவுல குப்பையைக் கிளறினப்ப மேலேருந்து பாத்துக்கிட்டுதானே இருந்தீங்க?"

"பாத்தேன்."

"அப்பவாவது சொல்லக் கூடாதா?"

"சாயங்காலம் சொல்லத்தான் வந்தேன். நட்டது நட்டபடி இதைக் கையில எடுத்துக்கிட்டுப் பாதிப் படி இறங்கிட்டேன்." அவள் பையின் வாயைச் சரிசெய்தாள். "நீ தம்பிகிட்டச் சொல்லிக்கிட்டிருந்தே. எங்கேருந்து ஆரம்பிக்கணும்னு."

அந்த நேரத்தில் எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும் என்பார்கள். வரவில்லை. அந்தச் செடி வேண்டும் என்பது மட்டும்தான் இருந்தது. கை நீட்டினால் எட்டும் தூரம்.

"அது என் செடி," என்றேன்.

"உன் வேலியில இருந்த வரைக்கும்."

"அண்ணி, விளையாடாதீங்க. அதுக்காக நான் எத்தனை நாள் காத்துக்கிட்டிருந்தேன்னு உங்களுக்குத் தெரியாது."

"தெரியாதுதான். எனக்கு எதுவுமே நீ சொன்னதில்ல. சத்தம்தான் போட்டிருக்கே." கண்ணாடிக்குள் என் கண்ணை நேராகப் பார்த்தாள். "கேளு. 'அண்ணி, எனக்கு அது வேணும், குடுங்க'ன்னு ஒரு தடவை கேளு. இங்கேயே குடுத்துட்டுப் போறேன்."

அவ்வளவுதான் அவள் கேட்டது. மன்னிப்புகூட இல்லை. நான் வாயைத் திறந்தேன். தெரு முழுக்கக் கேட்கிற என் குரல் எங்கே போயிற்றோ. அண்ணி என்பது வந்தது. அதற்கு அடுத்தது வரவில்லை.

"அண்ணி..."

"சொல்லு."

"பெல்ட்டைப் போடுங்க," என்றேன்.

அவள் பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கி, பெட்டியை ஒரு கையிலும் பையை மார்போடும் பிடித்துக்கொண்டு போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. நான் கூப்பிடவுமில்லை.

இப்போது மேட்டில் வண்டியை நிறுத்தி எடுக்கப் பழக்குவதற்கு ஆஸ்பத்திரியின் பின்தெருவுக்குத்தான் போகிறேன். நல்ல சரிவு. பின்பக்கக் கட்டடத்தில் ஒரு ஜன்னல் திண்டில் மண்தொட்டி தெரியும். செடி பாட்டிலிலிருந்து தொட்டிக்கு மாறி, கிளை விட்டு, பால் நிறமும் ரோஸுமாக வெயிலில் நிற்கும். வண்டி பழக வந்தவர்கள் கேட்பார்கள், தினமும் ஏன் டீச்சர் இங்கேயே நிறுத்தறோம் என்று. வாயை மூடிக்கிட்டு ஹேண்ட் பிரேக்கைப் போடு என்பேன்.

போன மாதம் அதில் ஒரு பச்சைக் கிளையைப் பார்த்தேன். தூர் பக்கத்திலிருந்து, முழுப் பச்சையாக, தடியாக. மூன்றே வாரத்தில் அது மற்றதை எட்டிவிட்டது. இன்னும் கொஞ்ச நாளில் எல்லாவற்றையும் விழுங்கிவிடும். எனக்குத் தெரிந்து வேறு எங்கேயும் இல்லாத நிறம் என் கண் எதிரிலேயே அழியப்போகிறது. என்னால் தாங்க முடியவில்லை. வண்டியிலிருந்து இறங்கி நடுத்தெருவில் நின்று கத்தினேன்.

"அண்ணி! அண்ணி!"

ஜன்னலுக்கு வந்தாள். கையில் மடித்த துணி. உடம்பு கொஞ்சம் தேறியிருந்தது.

"பச்சை வந்திருக்கு! அடியோட வெட்டிடுங்க! விட்டா எல்லாத்தையும் தின்னுடும்!"

அண்ணி குனிந்து அந்தப் பச்சைக் கிளையைப் பார்த்தாள். விரலால் அதன் இலையைத் தூக்கி, அடியில் பூச்சி இருக்கிறதா என்று பார்த்தாள், நான் சொல்லிக் கொடுத்த மாதிரியே. பிறகு தொட்டியைத் திருப்பி, அந்தப் பக்கத்துக்கும் வெயில் படுகிற மாதிரி வைத்தாள்.

"இருந்துட்டுப் போகட்டும்," என்றாள்.

ஜன்னலைச் சாத்தவில்லை. துணியை மடித்துக்கொண்டே அங்கேயே நின்றாள், நான் இன்னும் ஏதாவது சொல்வேனோ என்று பார்க்கிறவள் மாதிரி. மேலே போகிற படி கட்டடத்தின் பக்கவாட்டில் தெரிந்தது. கதவும் திறந்துதான் இருந்தது.

"போகலாமா டீச்சர்? பின்னாடி வண்டி வருது," என்றாள் ஸ்டியரிங் பிடித்திருந்த பெண்.

நான் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினேன். அவள் வண்டியை எடுத்தாள். வண்டி நகரவில்லை. அப்புறம்தான் பார்த்தேன், என் கால் பிரேக்கின் மேல் இருந்தது.